நாம் கொடுக்கும் நன்கொடை ஜி.ஹெச்.சில் என்ன வேலை செய்கிறது?

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டுக்கு வெளியே நீளமான ஒரு நடை இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அங்கே உட்கார எதுவும் கிடையாது. உள்ளே மகள் வலியில் துடித்துக்கொண்டிருப்பாள். வெளியே அம்மா தரையில் செய்தித்தாளை விரித்துச் சுவரில் சாய்ந்து கிடப்பார். மூட்டுவலிக்காரர்கள் எழுந்திருக்கச் சுவரைத் தடவுவார்கள். நிற்க முடியாதவர்கள் வெளியே வேப்பமரத்தடிக்கோ டீக்கடைக்கோ போய்விடுவார்கள். பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒருவர், பேத்தி பிறந்த இரவு முழுக்க அந்த நடையில் நின்றுகொண்டே இருந்திருக்கிறார். அடுத்த மாதம் மூன்று பேர் உட்காரும் ஸ்டீல் பெஞ்சுகள் ஆறு வாங்கி வந்து இறக்கினார்.

பெஞ்சு போட்டால் வைத்தியம் எப்படி மேம்படும் என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்தான் விளக்கினார். சிசேரியன் செய்யச் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும், ரத்த வங்கிக்குச் சீட்டு கொடுத்து அனுப்ப வேண்டும், குழந்தைக்குத் துணி கேட்க வேண்டும். அதற்கெல்லாம் கூட வந்தவர்களைத் தேடி முன்பு அட்டெண்டர் டீக்கடை வரைக்கும் ஓடுவார். இப்போது கதவைத் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும். அவசரத்தில் பத்து நிமிடம் மிச்சமாவது சின்ன விஷயமில்லை.

சமூக நன்கொடை என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பெஞ்சு நல்ல தொடக்கம். ஊரில் இருப்பவர்கள் தங்கள் மருத்துவமனைக்குப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ ரத்தமாகவோ தருவது எல்லாம் இதில் அடங்கும். பெரிய கம்பெனி கட்டித் தரும் ஐ.சி.யூ.வும் இதுதான், பாத்திரக் கடைக்காரரின் பெஞ்சும் இதுதான்.

அரசு தருவதும் விட்டுப்போவதும்

அரசு மருத்துவமனையில் எல்லாமே இலவசம் ஆயிற்றே, அப்புறம் நாம் எதற்குக் கொடுக்க வேண்டும்? நியாயமான கேள்வி. டாக்டர், நர்ஸ் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. மருந்துகளையும் பெரும்பாலான கருவிகளையும் 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து அனுப்புகிறது. மருந்து விஷயத்தில் இந்த ஏற்பாடு நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்படுவது. ஆக, பாராசிட்டமால் வாங்கிக் கொடுக்க நம் ஜி.ஹெச்.சுக்கு நாம் தேவையில்லை.

இடைவெளி வேறு இடத்தில் இருக்கிறது. அரசுப் பணம் தலைப்பு வாரியாக வரும். மருந்துக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று ஒதுக்கியதை வேறு எதற்கும் தொட முடியாது. ஸ்ட்ரெச்சரின் ஒரு சக்கரம் உடைந்தால் அதற்கென்று தலைப்பு கிடையாது. மேலிடத்துக்கு எழுதி, மதிப்பீடு கேட்டு, அனுமதி வந்து சேர மாதங்கள் ஆகும். அதுவரை அந்த ஸ்ட்ரெச்சரை நான்கு பேர் தூக்க வேண்டும், இல்லையென்றால் மூன்று சக்கரத்தில் இழுக்க வேண்டும். குடிநீர், வார்டுக்குள் மறைப்புத் திரை, தள்ளுநாற்காலி, கூட வந்தவர்கள் படுக்க இடம், கழிப்பறைத் தாழ்ப்பாள் என்று நோயாளி அன்றாடம் அவதிப்படும் விஷயங்கள் பலவும் இந்த இடுக்கில் விழுந்தவைதான். உள்ளூர்ப் பணம் உடனே வேலை செய்வது இங்கேதான்.

இந்த இடுக்கை அடைக்க ஒரு முறையான வழி உருவான கதை சுவாரசியமானது. 1994இல் சூரத்தில் பிளேக் பயம் பரவியபோது, மத்தியப் பிரதேசம் இந்தூரில் உள்ள மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையில் எலிகள் பெருகிக் கிடந்தன. மாவட்ட நிர்வாகம் துணிந்து ஒரு முடிவெடுத்தது. நோயாளிகளை வேறு இடங்களுக்கு மாற்றி, கட்டடத்தைக் காலி செய்து, எலிகளை ஒழித்துச் சுத்தம் செய்தார்கள். ஊர் மக்கள் பணமும் உழைப்பும் தந்தார்கள். சுத்தம் செய்து முடித்ததும் அடுத்த கேள்வி வந்தது. நாளைக்கு இதை யார் பராமரிப்பது? அதற்கு விடையாகத்தான் மருத்துவமனை அளவிலேயே ஒரு சங்கம் அமைத்தார்கள். நன்கொடையை அந்தச் சங்கமே வாங்கலாம், எதற்குச் செலவழிப்பது என்று அங்கேயே முடிவெடுக்கலாம்.

2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது இந்த ஏற்பாடு நாடு முழுக்கப் பரவியது. தமிழ்நாட்டில் இதற்கு நோயாளர் நலச் சங்கம் என்று பெயர். மருத்துவமனையின் தலைமை மருத்துவர், அரசு அலுவலர்கள், ஊர்க்காரர்கள் சிலர் இதில் இருப்பார்கள். ஆண்டுக்கு ஒரு தொகையை அரசும் தருகிறது. தொடக்கத்தில் மாவட்ட மருத்துவமனைக்கு 5 லட்சம் ரூபாய், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 1 லட்சம் என்ற அளவில் அது இருந்தது. அதோடு ஊர்ப்பணமும் சேரும்போது, உடைந்த சக்கரத்தை அந்த வாரமே மாற்றிவிடலாம். உங்கள் ஊர் மருத்துவமனைக்குப் பணம் கொடுக்க நினைத்தால் முதலில் விசாரிக்க வேண்டியது இந்தச் சங்கத்தைத்தான். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கஞ்சித்தொட்டியிலிருந்து

ஊர் கூடி ஆஸ்பத்திரி நடத்துவது நமக்குப் புதிதும் அல்ல. சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையை வயதானவர்கள் இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதைக் கேட்கலாம். 1782இல் பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்படுத்திய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். கஞ்சி குடிக்க வந்தவர்களில் நோயாளிகளும் இருந்தார்கள். 1799இல் அங்கேயே மருத்துவமனை தொடங்கியது. ராயபுரத்தில் பிரசவத்துக்குப் பேர்போன ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையின் பெயரில் இருப்பவர் அதற்குக் கொடையளித்த ராஜா சர் ராமசாமி முதலியார். திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி, அதாவது இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை, ஆண் மருத்துவரிடம் காட்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே செத்துப்போன பெண்களுக்காக 1885இல் தொடங்கியது. அதன் கட்டடத்துக்கு வெங்கடகிரி ராஜா ஒரு லட்சம் ரூபாய் தந்தார்.

யாழ்ப்பாணத்திலும் இதே கதைதான். இன்றைய போதனா வைத்தியசாலை, அதாவது மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, 1850இல் அங்கே அரசாங்க அதிபராக (நம் ஊர் கலெக்டர் போன்ற ஆங்கிலேய அதிகாரியாக) இருந்த பெர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியில், ஓர் உதவிச் சங்கத்தின் ஆஸ்பத்திரியாகப் பிறந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தச் சங்கமே நடத்தி, 1907இல்தான் அரசு அதைப் பொறுப்பேற்றது.

எனக்கு மனதுக்கு நெருக்கமானது அடையாறு. முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்தத் துயரத்தை அவர் முப்பது ஆண்டுகள் சுமந்து, மாதர் சங்கத்தோடு சேர்ந்து பணம் திரட்டி, 1954இல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்று பெரிய பதவியில் இருந்தவர்களே கேட்ட காலம் அது. அடுத்த ஆண்டு அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021இல் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. பணம் இல்லாதவர் என்று யாரையும் திருப்பி அனுப்பாத ஓர் இடம் இத்தனை ஆண்டுகள் நிற்கிறது என்றால், முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் நூறும் ஐந்நூறுமாகக் கொடுத்ததற்கும் அதில் பங்கு உண்டு.

ஒரு டயாலிசிஸ் கருவி வந்தால்

சரி, நன்கொடை வைத்தியத்தை எப்படி மாற்றுகிறது என்பதை ஒரே ஒரு கருவியை வைத்துப் பார்த்துவிடலாம். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களும் வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களும் அடிக்கடி கொடுக்க விரும்புவது டயாலிசிஸ் கருவி. சிறுநீரகம் செயலிழந்தவரின் ரத்தத்தை வெளியே எடுத்து, கழிவை வடிகட்டி, திரும்ப உடலுக்குள் செலுத்தும் கருவி அது.

ஒரு தடவை டயாலிசிஸ் செய்ய ஏறக்குறைய 4 மணி நேரம் ஆகும். வாரத்துக்கு மூன்று முறை செய்ய வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நம் ஊரில் பலர் இரண்டு முறையோடு சமாளிக்கிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட், வாரத்தில் ஆறு நாள் என்று ஓட்டினால் ஒரு கருவியில் 18 தடவை செய்யலாம். வாரம் மூன்று முறை என்றால் ஆறு பேர், இரண்டு முறை என்றால் ஒன்பது பேர். அவ்வளவுதான். பத்தாவதாக ஒருவர் வந்தால் இடமில்லை.

இப்போது அந்த ஆறு பேரை நினைத்துப் பாருங்கள். தாலுகா மருத்துவமனையில் கருவி இல்லாதவரை அவர்கள் மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். விடியற்காலை முதல் பஸ். கூட ஒருவர் வர வேண்டும், அவருக்கு அன்றைய கூலி போச்சு. முடித்துவிட்டுத் திரும்பும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது. வாரத்தில் மூன்று நாள் இப்படி என்றால் எத்தனை மாதம் தாங்கும்? சிகிச்சை இலவசமாகவே கிடைத்தாலும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் செலவை ஏற்றாலும், பலர் நடுவில் தவறவிடத் தொடங்குவது இந்த அலைச்சலால்தான். ஒரு தடவை தவறினால் மூச்சிரைப்பு, கால் வீக்கம். அடுத்தடுத்துத் தவறினால் உயிரே போகும். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் கருவி வந்துவிட்டால் மருந்தும் முறையும் அதேதான், ஆனால் நோயாளி தவறாமல் வருகிறார். நன்கொடை செய்யும் வேலை அது.

ஆனால் கருவி மட்டும் வந்தால் போதாது. ஒரு தடவைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் என்ற கணக்கில் சுமார் 120 லிட்டர் மிகத் தூய நீர் ஓட வேண்டும். மாநகராட்சித் தண்ணீரில் இருக்கும் குளோரினே ரத்தத்தைக் கெடுத்துவிடும், ஆகவே தனி ஆர்.ஓ. பிளாண்ட் வேண்டும். மின்சாரம் போனால் நோயாளியின் ரத்தம் குழாயிலேயே நின்றுவிடும், ஆகவே யூ.பி.எஸ்.சும் ஜெனரேட்டரும் வேண்டும். வடிகட்டி, குழாய், கரைசல் எல்லாம் தொடர்ந்து வாங்க வேண்டும். பயிற்சி பெற்ற டெக்னீஷியன் ஷிப்டுக்கு ஒருவர் வேண்டும். மஞ்சள் காமாலை பி கிருமி உள்ளவர்களுக்கு அதே கருவியைப் பயன்படுத்தக் கூடாது, தனிக் கருவி வேண்டும். இதையெல்லாம் கூட்டினால், கருவியின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதிதான் என்பது புரியும்.

நல்ல கொடையாளர்கள் இதை முன்கூட்டியே பேசிவிடுகிறார்கள். கருவியும் ஆர்.ஓ. பிளாண்டும் நாங்கள் தருகிறோம், டெக்னீஷியனும் வடிகட்டியும் அரசு தரும், ஐந்து ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் நாங்களே பணம் கட்டிவிடுகிறோம் என்று எழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். திறப்பு விழா போட்டோவில் இது தெரியாது. ஆனால் மூன்றாவது ஆண்டில் கருவி ஓடுகிறதா நிற்கிறதா என்பதைத் தீர்மானிப்பது இந்தக் காகிதம்தான்.

கொடுத்தும் உதவாதவை

2021 ஏப்ரல், மே மாதங்களை யாரும் மறந்திருக்க முடியாது. ஆக்சிஜன் தேடி ஊரே அலைந்தபோது ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் என்ற பெட்டியைப் பலர் வாங்கிக் கொடுத்தார்கள். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு, 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனைத் தரும் கருவி அது. அன்றைக்கு அது காப்பாற்றிய உயிர்கள் உண்டு, கொடுத்தவர்களுக்கு என் கைகூப்பு. ஓராண்டு கழித்து ஒரு மருத்துவமனையின் ஸ்டோர் ரூமில் அப்படிப்பட்ட பெட்டிகள் வரிசையாக, பழைய பெட்ஷீட் போர்த்தி நிற்பதைப் பார்த்தேன். நைட்ரஜனைப் பிடிக்கும் உள்துகள்களுக்கு ஈரம் ஆகாது. ஓட்டாமலே வைத்திருந்தால் கெட்டுவிடும். வாரம் ஒரு முறை சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கவும், பில்டரைக் கழுவவும் ஒருவரை நியமித்திருந்தால் அவை ஆஸ்துமாக்காரர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இன்னும் பயன்பட்டிருக்கும்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. வசதி குறைந்த நாடுகளின் மருத்துவமனைகளில் உள்ள கருவிகளை எண்ணிப் பார்த்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய 40 சதவீதம் வேலை செய்யாமல் கிடந்தது தெரிந்தது. உதிரிபாகம் கிடைக்காதது, இயக்கத் தெரிந்தவர் இல்லாதது, மின்சார ஏற்ற இறக்கம் என்று காரணங்கள் எல்லாம் சாதாரணமானவை.

மருந்துக் கொடை இன்னும் சிக்கலானது. 1988இல் ஆர்மீனியாவில் நிலநடுக்கம் வந்தபோது உலகமே உருகி 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் அனுப்பியது. பிரித்து அடுக்க 50 பேருக்கு ஆறு மாதம் பிடித்தது. அதில் சுலபமாக அடையாளம் காணக்கூடியதாக இருந்தது 30 சதவீதம்தான். அனுபவப்பட்ட பிறகே உலக சுகாதார நிறுவனம் 1996இல் மருந்துக் கொடைக்கு விதிமுறைகள் வெளியிட்டது. கேட்ட மருந்தை மட்டும் அனுப்பு, வந்து சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது இருக்கட்டும் என்பவை அதன் சாரம். வீட்டில் மீந்த மாத்திரைப் பட்டைகளைப் பையில் போட்டு ஜி.ஹெச்.சுக்குக் கொண்டுபோகும் நல்ல மனசுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்தாளுநர் அதை வாங்க மறுத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். எந்தச் சூட்டில், எந்த ஈரத்தில் இருந்தது என்று தெரியாத மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது ஆபத்து.

பணமே இல்லாமல் கொடுப்பது

கையில் காசில்லாதவர்களும் கொடுக்கக்கூடிய பெரிய நன்கொடை ரத்தம். பணம் வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்ற உத்தரவால் 1998 ஜனவரி 1 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆகவே ரத்த வங்கியில் இருப்பது முழுக்க முழுக்க யாரோ சும்மா கொடுத்தது.

350 மில்லி ரத்தம் எடுத்தால் அது அப்படியே போவதில்லை. பிரித்து வைக்கிறார்கள். சிவப்பணுக்கள் குளிர்பதனத்தில் 42 நாள் வரை தாங்கும். தட்டணுக்கள், டெங்கு காலத்தில் எல்லாரும் தேடுவார்களே அவை, அறை வெப்பத்தில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் 5 நாள்தான். பிளாஸ்மாவை உறைய வைத்து ஓராண்டு வைக்கலாம். ஒருவர் கொடுத்தது இப்படி மூன்று பேருக்குப் போகும்.

இந்த நாள் கணக்கு தெரிந்தால் ஒரு விஷயம் விளங்கும். தலைவர் பிறந்தநாள் என்று ஒரே நாளில் ஐந்நூறு பேர் கொடுப்பதைவிட, மாதாமாதம் நாற்பது பேர் கொடுப்பது மருத்துவமனைக்கு அதிகம் உதவும். கல்லூரிகள் மூடிவிடும் ஏப்ரல், மே மாதங்களில் முகாம்கள் குறையும், ரத்த வங்கி வறண்டுவிடும். பிரசவத்தில் ரத்தப்போக்கு மட்டும் விடுமுறை பார்த்து வராது. இருப்பு இல்லாத இரவில் கணவன் போனை எடுத்துக்கொண்டு கூடப் படித்தவர்களுக்கெல்லாம் அடித்துக்கொண்டிருப்பான். இருப்பு இருக்கும் இரவில் சிஸ்டர் சீட்டைக் கொடுத்தனுப்புவார், பதினைந்து நிமிடத்தில் பை வந்துவிடும். இரண்டு இரவுகளுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம், போன மாதம் முகம் தெரியாத யாரோ கையை நீட்டிப் படுத்தது. 18 வயது நிரம்பி, எடை 45 கிலோவுக்கு மேல் இருந்து, உடல்நலம் நன்றாக இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம்.

தாய்ப்பால் தானமும் இப்படித்தான். மாதம் நிறையாமல் பிறந்த குழந்தைக்குப் பெற்றவளின் பால் உடனே சுரக்காமல் போகலாம். பவுடர் பால் கொடுத்தால் அந்தப் பிஞ்சுக் குடல் அழுகும் அபாயம் கூடுகிறது. கூடுதலாகச் சுரக்கும் தாய்மார்கள் தரும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கி, உறைய வைத்துக் கொடுக்கிறார்கள். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பை சயன் மருத்துவமனையில் தொடங்கியது. இப்போது தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றில் உண்டு.

கொடுக்கும் முறை

வழி எளிதுதான். தாலுகா மருத்துவமனை என்றால் தலைமை மருத்துவ அலுவலரையும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீன் அல்லது ஆர்.எம்.ஓ.வையும் (நிலைய மருத்துவ அலுவலர்) பார்த்து, என்ன தேவை என்று கேட்டு, தர விரும்புவதாக ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். பணத்தை யார் கையிலும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சங்கத்தின் வங்கிக் கணக்குக்குக் காசோலையாகவோ ஆன்லைனிலோ போகட்டும், ரசீது கேளுங்கள். பொருள் என்றால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற வேண்டும். இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். ரிஜிஸ்டரில் ஏறாத பொருள் கணக்கில் இல்லாத பொருள். அது உடைந்தால் பழுதுபார்க்கச் செலவு எழுத முடியாது, காணாமல் போனால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வருமான வரியில் நன்கொடைக்குக் கிடைக்கும் கழிவு (80ஜி என்று அறியப்பட்டது) பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். அதுவும் பணம் வாங்கும் சங்கமோ அறக்கட்டளையோ அந்த அனுமதி பெற்றிருக்க வேண்டும், ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சேராது. கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் இன்னொன்றையும் முயற்சி செய்யலாம். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மருத்துவம் அதில் அடக்கம். உங்கள் சொந்த ஊர் ஜி.ஹெச்.சின் தேவைப் பட்டியலை, கம்பெனியில் இந்தச் செலவைக் கவனிக்கும் பிரிவிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் நன்கொடைதான்.

பெயர் போடுவதைப் பற்றிச் சிலர் தயங்குவார்கள், சிலர் வற்புறுத்துவார்கள். என் எண்ணம், தாராளமாகப் போடுங்கள். பெஞ்சின் முதுகில் இறந்துபோன அப்பாவின் பெயரைப் பார்த்தால் இன்னொருவருக்கும் கொடுக்கத் தோன்றும். நோயாளியைக் கட்டிலில் உட்கார வைத்துப் பழம் கொடுத்துப் படம் எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். நோயோடு இருப்பவருக்கு வேண்டாம் என்று சொல்லும் தெம்பு இருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நன்கொடை வருகிறதே என்று அரசு கையை விட்டுவிடக் கூடாது. வெளிநாட்டில் ஆள் இருக்கும் ஊருக்குக் கருவி வரும், கூலிக்காரர்கள் மட்டுமே இருக்கும் மலையடிவார ஊருக்கு யார் அனுப்புவார்கள்? ஊழியர் நியமனமும் மருந்தும் அடிப்படைக் கருவிகளும் அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவதும் ஊரின் வேலை.

இரண்டும் சேர்ந்து நடந்ததற்கு நல்ல சாட்சி யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள தெல்லிப்பழை. போர் முடிந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த 2011இல், இலங்கையின் தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரைக்கும் ஒரு நடைபயணம் போனார்கள். 27 நாள், 670 கிலோமீட்டர். வடக்கில் புற்றுநோய் வந்தவர்கள் கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள மகரகமவுக்குப் போகவேண்டியிருந்த நிலைமையை மாற்ற, தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை கட்டுவதற்காக அந்த நடை. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வழியெல்லாம் சேர்ந்து நடந்து பணம் கொடுத்தார்கள். 2013இல் கட்டடம் எழுந்தது. கட்டியது மக்கள் பணம், பொறுப்பேற்றது அரசு சுகாதாரத் துறை.

எங்கள் ஊர் விஷயத்துக்கே திரும்புகிறேன். பெஞ்சு வந்த பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட ஆரம்பித்தோம். முதல் தொகை சேர்ந்ததும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போய், "என்ன வேணும் சொல்லுங்க சிஸ்டர்" என்றோம். பெரிய கருவி எதையாவது சொல்வார் என்று எதிர்பார்த்தோம்.

"சுவர்க் கடிகாரம் ஒண்ணு வேணும். செகண்ட் முள் ஓடுறது. பெருசா, தூரத்துல இருந்தே தெரியற மாதிரி" என்றார்.

பிறந்த குழந்தை முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு விட ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நிமிடத்துக்குள்ளேயே கையால் அமுக்கும் காற்றுப் பையை முகத்தில் வைத்துக் காற்று கொடுக்கத் தொடங்க வேண்டும். நாடித்துடிப்பை ஆறு விநாடி எண்ணிப் பத்தால் பெருக்குவார்கள். பிறந்த நேரத்தையும் சரியாக எழுத வேண்டும். இரண்டு கையிலும் கையுறையோடு குழந்தையைப் பிடித்திருப்பவர் மணி பார்க்கச் சுவரைத்தான் பார்க்க முடியும். பழைய கடிகாரத்தில் விநாடி முள் நின்றுபோய் எவ்வளவோ நாளாகியிருந்தது.

அன்று சாயங்காலமே வாங்கி வந்து மாட்டினோம். ஏணியிலிருந்து இறங்கியதும் சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, பேட்டரி தீர்ந்தால் யார் மாற்றுவது என்பது. கடிகாரத்தைத் திரும்ப இறக்கி, பின்பக்கம் அன்றைய தேதியையும் எங்களில் ஒருவரின் போன் நம்பரையும் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினோம். ஆண்டுதோறும் பொங்கலுக்கு முந்தின நாள் யாராவது ஒருவர் போய் பேட்டரி மாற்றிவிட்டு வருகிறோம்.